எடுப்புக்கு முந்தின நிமிடம்

இசை: வாசகர் கேள்வி பதில்
பதில் தருபவர்: ஓய்வுபெற்ற வயலின் ஆசிரியை, யாழ்ப்பாணம்

கேள்வி: எனக்கு வயது 17. எட்டு வருடமாக வயலின் பழகுகிறேன். வட இலங்கைச் சங்கீத சபைப் பரீட்சையில் நான்காம் தரம் சித்தியடைந்துவிட்டேன். போன திருவிழாவில் எங்கள் கோயிலில் வாசித்தபோது, கச்சேரித் தொடக்கத்தில் வாசிக்கிற வர்ணத்தை எடுத்ததுமே வில் நடுங்கியது. வர்ணத்தின் கடைசிப் பகுதியான எத்துக்கடை ஸ்வரத்தில் எல்லாம் மறந்து நின்றுவிட்டேன். வீட்டில் பிழையில்லாமல் வாசிப்பேன். அடுத்த மாதம் திரும்பவும் மேடை. பயம் போக என்ன செய்யலாம்?
– மாணவி, கொக்குவில்

பதில்: பயம் போகாது, பிள்ளை. நாற்பது வருடம் மேடையில் இருந்தவள் சொல்கிறேன். சுருதி சேர்க்கிறபோது இன்றைக்கும் என் வயிற்றுக்குள் ஏதோ ஓடும். (எங்கள் ஊரில் கச்சேரி என்றால் பாதிப்பேருக்கு அரச அலுவலகம்தான் நினைவுக்கு வரும். அங்கே போகிறபோதும் எனக்கு இதே நடுக்கம்தான்.)

பயந்தால் உடம்பில் அட்ரினலின் சுரக்கும். இதயம் விரைவாக அடிக்கும், தோலுக்குப் போகிற இரத்தக் குழாய்கள் சுருங்கி விரல் குளிரும், வாய் காயும். எழும்பி ஓடுவதற்கு வசதியான உடம்பு அது. சம்மணமிட்டிருந்து மோகன ராக வர்ணம் வாசிக்க வசதியானதல்ல. ஆகவே முதலில் விரலைச் சூடாக்கும். மேடைக்குப் பின்னால் தேத்தண்ணி தருவார்கள்; வாங்கிக் கோப்பையைக் கையில் வைத்திரும், குடிக்க வேண்டாம். தேயிலை நடுக்கத்தைக் கூட்டும். பிறகு ஆதி தாளத்தை மனதில் போட்டு, நாலு அட்சரத்துக்கு மூச்சை இழுத்து, எட்டு அட்சரத்துக்கு விடும். மூச்சு வெளியே போகிற நேரம்தான் இதயம் மெதுவாகும். அதனால் விடுகிற மூச்சு நீளமாக இருக்கட்டும்.

இனி வில். நடுங்குகிற கை பயத்தில் வில்லைத் தந்தியில் வைத்தும் வைக்காமலும் பிடிக்கும். நடுக்கம் அப்போதுதான் வெளியே கேட்கும். கையின் பாரத்தைத் தந்தியில் இறக்கி, முதல் ஸ்வரத்தைக் கொஞ்சம் தடிப்பாகவே இழும். மென்மையெல்லாம் பிறகு வரட்டும். இடக்கை வியர்த்தால் சிலர் திருநீறு தொட்டுக்கொள்வார்கள். நானும் தொட்டிருக்கிறேன், பக்தியில் அல்ல.

உமக்கு மறந்துபோனதற்குக் காரணம் நினைவுக் குறைவு என்று நான் நினைக்கவில்லை. வேகமாக எடுத்திருப்பீர். பயத்தில் எல்லோருக்கும் காலப்பிரமாணம் ஏறும். முதற்காலத்திலேயே ஏறிவிட்டால், அதன் இரட்டிப்பு வேகமான இரண்டாம் காலத்தில் விரல் எங்கே போகும்? எடுப்பதற்கு முன் பல்லவியை நினைக்காதேயும். உள்ளதில் நெருக்கமான எத்துக்கடை ஸ்வரத்தை இரண்டாம் காலத்தில் மனதுக்குள் பாடிப் பாரும். அது இடறாமல் வருகிற வேகத்தில் பாதிதான் உம்முடைய தொடக்கம். வீட்டில் பழகும்போதும் ஒவ்வொரு நாளும் பல்லவியிலிருந்தே தொடங்க வேண்டாம். ஒரு நாள், முதற்பாதி முடிவில் வருகிற முக்தாயி ஸ்வரத்தில் தொடங்கும், மற்ற நாள் மூன்றாவது எத்துக்கடையில் தொடங்கும். தொடக்கத்திலிருந்து மட்டும் வாசித்துப் பழகியவருக்கு நடுவில் அறுந்தால் திரும்பி ஏற வழி தெரியாது.

என் கதை ஒன்று. இருபது வயதிருக்கும். கோயிலில் இரவுக் கச்சேரி. முன்வரிசையில் என் குருவும் இன்னும் இரண்டு வித்துவான்களும். கை உதறிக்கொண்டே இருந்தது. ராகத்தின் நடுவில் ஜெனரேற்றர் நின்றுவிட்டது. மைக் இல்லை, வெளிச்சம் இல்லை, மூலஸ்தானத்து விளக்கு மட்டும் தூரத்தில். நிறுத்தத் தோன்றாமல் வாசித்துக்கொண்டே போனேன். கை ஒருக்காலும் அவ்வளவு அமைதியாக இருந்ததில்லை. வெளிச்சம் வந்ததும் குருவின் முகம் தெரிந்தது. அடுத்த பிரயோகத்திலேயே சறுக்கினேன்.

அன்றிலிருந்து முகங்களைப் பார்ப்பதில்லை. தம்புராவின் ஷட்ஜத்தை, அதாவது ‘ஸ’வைக் கேட்பேன், மிருதங்கக்காரரின் வலக்கையைப் பார்ப்பேன். ‘விரல் சரியாக விழுகிறதா’ என்றும் பார்க்காதேயும். சைக்கிள் ஓடுகிறவர் பெடலைக் குனிந்து பார்த்தால் என்ன நடக்கும்?

பழக ஒரு வேலை தருகிறேன். வளவுக் கிணற்றைச் சுற்றி இருபது தரம் ஓடிவிட்டு, மூச்சு வாங்க வாங்க வில்லை எடுத்து வர்ணம் வாசியும். மேடையில் அடிக்கிற அதே நெஞ்சு வீட்டிலேயே அடிக்கும்; அதோடு வாசிக்கக் கை பழகும். அயலவர் சிரிப்பார்கள். சிரிக்கிறவர்களையும் கூப்பிட்டு இருத்திவிட்டு வாசியும், அதுவும் பழக்கம்தான்.

யாழ்ப்பாணத்து இணுவிலும் அளவெட்டியும், சபைக்கு முன் இருந்து பழகுவதை முந்தியே அறிந்த ஊர்கள். அளவெட்டி என்.கே. பத்மநாதனின் நாதஸ்வரத்தையும் வி. தெட்சணாமூர்த்தியின் தவிலையும் கேட்டு வளர்ந்த பிள்ளைகள், குழலையோ தவிலையோ தொட முன்னமே பெரியவர்களுக்குப் பக்கத்தில் இருந்து தாளம் போட்டவர்கள். வாசிக்கத் தொடங்குகிற வயதில் அவர்களுக்கு மேடை ஒரு திண்ணை. நீரும் அடுத்த மாதத்துக்குள் வேறு யாருடைய கச்சேரியிலாவது தம்புரா போடக் கேளும். இரண்டு மணித்தியாலம் சபைக்கு முகம் கொடுத்து இருந்து பாரும்.

கேள்வி: என் மகளுக்கு ஒன்பது வயது. பாடசாலை வாணி விழாவில் தனியாகப் பாட மாட்டேன் என்று அழுகிறாள். வற்புறுத்தலாமா?
– தாய், சாவகச்சேரி

பதில்: வேண்டாம், அம்மா. இந்த வருடம் கூட்டுப் பாடலில் நிற்கட்டும். நீங்கள் முன்வரிசையில் இருந்து வாயசைத்துப் பாடிக்காட்டுகிற ஆளாக இருந்தால், பின்னுக்குப் போய் இருங்கள். வீடு வந்ததும் பக்கத்து வீட்டுப் பிள்ளை எப்படிப் பாடினாள் என்று கதைக்க வேண்டாம்.

கேள்வி: மிருதங்கம் வாசிக்கிறேன். நடுக்கத்துக்கு ஒரு குளிசை இருக்கிறது, போட்டால் சரி என்கிறான் நண்பன். போடலாமா?
– இளைஞர், பருத்தித்துறை

பதில்: அவர் சொல்வது புரோபிரனோலோலாக இருக்கும். இதயத் துடிப்பையும் கை நடுக்கத்தையும் அது குறைக்கும், உண்மை. தொய்வு (ஆஸ்துமா) உள்ளவருக்கோ மூச்சுக்குழாயைச் சுருக்கி ஆபத்தாக்கிவிடும். நண்பரிடம் கடன் வாங்க அது மிருதங்கத்தின் இடப்பக்கத் தொப்பியில் பூசுகிற ரவை இல்லை, தம்பி. வைத்தியரிடம் போய்க் கேளும். மிருதங்கம் தனியாக வாசிக்கிற தனி ஆவர்த்தனத்தில், முடிவுக் கோர்வைக்கு முன் சபையைப் பார்க்காமல் பாடகரின் தாளக் கையைப் பாரும். அவர் தவறினால் வயலின்காரரைப் பாரும். அவரும் தவறினால் எனக்கு எழுதும்.