நாய் கடிக்கவில்லை, பயந்ததற்கு நஷ்டஈடு கேட்கிறார்கள்: வீட்டு இன்ஷூரன்ஸ் கைகொடுக்குமா?

கேள்வி: நியூ ஜெர்சி எடிசனில் சொந்த வீட்டில் இருக்கிறோம். இரண்டு மாதம் முன்பு எங்கள் நாய் வேலியைத் தாண்டிப் போய், வாக்கிங் வந்த பக்கத்து வீட்டு அம்மாளை மறித்துக்கொண்டு குரைத்தது. கடிக்கவில்லை, மேலே பாயவும் இல்லை. இப்போது அவருடைய வக்கீல் கடிதம் அனுப்பியிருக்கிறார். தூக்கம் போய்விட்டதாம், வெளியே வரவே பயமாம், 40,000 டாலர் வேண்டுமாம். கோபத்தில் என் மனைவி குடியிருப்போர் வாட்ஸ்அப் குழுவில் "பணம் பறிக்க நாடகம்" என்று எழுதிவிட்டாள். டெக்சாஸில் இருக்கும் மைத்துனர், "மனக்கஷ்டத்துக்கெல்லாம் இன்ஷூரன்ஸ் தராது. சொன்னால் பிரீமியம்தான் ஏறும். 2,000 டாலர் கையில் கொடுத்து முடித்துவிடு" என்கிறார். என்ன செய்வது?

பதில்: முதலில் அந்தக் கடிதத்தை இன்றைக்கே உங்கள் இன்ஷூரன்ஸ் கம்பெனிக்கு அனுப்பிவிடுங்கள். மீதியை அப்புறம் படிக்கலாம்.

மைத்துனர் சொன்னது அவர் ஊருக்குச் சரி, உங்கள் ஊருக்கு அப்படியே பொருந்தாது. வீட்டு பாலிசியில் கவரேஜ் ஈ என்று ஒரு பகுதி இருக்கும். அதுதான் லயபிலிட்டி. உங்களால் இன்னொருவருக்கு உடற்காயமோ சொத்துச் சேதமோ ஏற்பட்டால்தான் அது வேலை செய்யும். சொந்த வீட்டுக்காரர்களிடம் பரவலாகப் புழங்கும் எச்ஓ-3 என்ற வகை பாலிசியில் உடற்காயம் என்பதற்கு உடலுக்கு நேரும் தீங்கு, சுகவீனம், நோய் என்றுதான் விளக்கம் இருக்கிறது. மனசு என்ற பேச்சே கிடையாது. அந்தச் சொற்களுக்குள் மனவேதனை அடங்குமா என்பதில் மாநிலத்துக்கு மாநிலம் தீர்ப்பு மாறுகிறது.

டெக்சாஸில் ஒரு போட்டோ லேப் ஊழியர், வாடிக்கையாளரான ஒரு பெண்ணின் அந்தரங்கப் படங்களை நண்பர்களிடம் காட்டிவிட்டார். வழக்கு வந்தபோது அந்த ஊழியரின் பெற்றோருடைய வீட்டு பாலிசியைத்தான் நம்பினார்கள். வெறும் மனவேதனை உடற்காயம் ஆகாது என்று அந்த மாநில உச்ச நீதிமன்றம் 1997இல் கையை விரித்துவிட்டது. பெரும்பாலான மாநிலங்களில் இதே நிலைதான். நியூயார்க்கிலோ நேர்மாறு: மேற்கூரை இடிந்து விழுந்து, அடிபடாமல் தப்பிய வாடகைதாரர்கள் போட்ட வழக்கில், மனவேதனையும் உடற்காயத்தில் அடங்கும் என்று 1992இல் தீர்ப்பு.

உங்கள் நியூ ஜெர்சி நடுவில் நிற்கிறது. ஒரு தாய் பொதுக்கூட்டத்தில் தன் பிள்ளையின் ஆசிரியரைக் குறைசொல்ல, அந்த ஆசிரியர் மனம் நொந்து வழக்குப் போட்டார். தலைவலி, வயிற்றுவலி, குமட்டல் என்று உடம்பிலும் அது தெரிந்தது. ஆகவே வீட்டு பாலிசி கொடுத்த கம்பெனி அந்தத் தாய்க்காக வழக்கை நடத்தியிருக்க வேண்டும் என்று மாநில உச்ச நீதிமன்றம் 1992இல் சொன்னது. உடம்பில் எந்த அறிகுறியும் காட்டாத வெறும் வேதனை உடற்காயம் ஆகாது என்றும் அதே ஆண்டு இன்னொரு வழக்கில் தீர்த்தது.

ஆகவே பக்கத்து வீட்டு அம்மாள் என்ன எழுதுகிறார் என்பதில்தான் விஷயம் இருக்கிறது. "பயம்" என்று மட்டும் எழுதினால் கம்பெனி நழுவப் பார்க்கும். தூக்கமின்மையோடு படபடப்பு, தலைவலி, மருத்துவச் சீட்டு என்று வந்தால் உங்கள் பாலிசி விழித்துக்கொள்ள வாய்ப்பு அதிகம். கேட்க விசித்திரமாக இருக்கும், ஆனால் அவர் புகார் வலுவாக இருப்பது இந்த ஒரு விஷயத்தில் உங்களுக்கு நல்லது.

நஷ்டஈட்டுத் தொகையைவிட வக்கீல் செலவை நினைத்துத்தான் நான் உங்களை அவசரப்படுத்துகிறேன். பாலிசிக்குள் வரக்கூடிய வழக்கு என்றால், அது ஆதாரமற்றதாகவே இருந்தாலும் கம்பெனி தன் செலவில் வக்கீல் வைத்து நடத்த வேண்டும். வழக்கமாக அந்தச் செலவு உங்கள் லிமிட்டில், அதாவது பாலிசி தரும் உச்சத் தொகையில், கழியாது. நீங்கள் தாமதித்தால் அதையே காரணம் காட்டி ஒதுங்கப் பார்ப்பார்கள். பிரீமியம் ஏறலாம், மறுக்கவில்லை. 40,000 டாலர் கேட்டு வந்திருக்கும் கடிதத்துக்கு முன்னால் அது பெரிய பயமாக எனக்குத் தெரியவில்லை.

அந்த 2,000 டாலரைக் கொடுக்கவே கொடுக்காதீர்கள். கம்பெனியைக் கேட்காமல் நீங்களாகக் கொடுக்கும் பணம் உங்கள் சொந்தச் செலவு என்று பாலிசியிலேயே எழுதியிருக்கும்.

நாயைவிட எனக்கு அந்த வாட்ஸ்அப் வரிதான் கவலை தருகிறது. அது அவதூறு வழக்காக மாறினால் சாதாரண வீட்டு பாலிசி பெரும்பாலும் உதவாது. அவதூறு, அந்தரங்கத்தில் தலையிடுவது போன்றவற்றுக்குப் ‘பர்சனல் இஞ்சுரி’ என்ற தனி என்டார்ஸ்மென்ட், அதாவது பாலிசியோடு சேர்க்கும் கூடுதல் பிரிவு, வேண்டும். உங்கள் பாலிசியின் முதல் பக்கத்தில் இருக்கும் பட்டியலில் அது இருக்கிறதா என்று பாருங்கள். மனைவியிடம் இனி ஒரு வார்த்தைகூட எழுத வேண்டாம் என்று சொல்லுங்கள். எழுதியதை இப்போது அழிக்கவும் வேண்டாம், ஆதாரத்தை மறைத்ததாகத் திரும்பும். உங்கள் தரப்பு வக்கீல் சொல்வதைக் கேட்டுச் செய்யுங்கள். அந்த அம்மாளின் பயம் உண்மையாகவே இருக்கலாம் என்பதையும் வீட்டில் பேசுங்கள். ஒரு பெரிய நாய் வழிமறித்தால் யாருக்கும் நெஞ்சு அடைக்கும்.

நியூ ஜெர்சியில் நாய் கடித்தால் உரிமையாளர் தப்பே செய்யாவிட்டாலும் பொறுப்பு. இங்கே கடி இல்லாததால் உங்கள் கவனக்குறைவை அந்த அம்மாள்தான் நிரூபிக்க வேண்டும். வேலி இப்போது இருக்கும் நிலையைப் படம் எடுத்து வைத்துக்கொண்டு, பிறகு சரிசெய்யுங்கள்.

வீட்டு பாலிசிக்கு மேல் கூடுதல் லயபிலிட்டி தரும் 10 லட்சம் டாலர் அம்பரெல்லா பாலிசி உங்களிடம் ஏற்கெனவே இருந்தால் அந்தக் கம்பெனிக்கும் இன்றே கடிதத்தை அனுப்புங்கள். பல அம்பரெல்லாக்களில் அவதூறும், சிலவற்றில் மனவேதனையும் அடங்கும். இல்லையென்றால் வாங்குங்கள், ஆனால் நடந்து முடிந்த இந்தச் சம்பவத்துக்கு அது உதவாது.