சனிக்கிழமைப் பை வந்தும் செலவு குறையவில்லையே?

கேள்வி: அக்கா, எங்கள் தாமானில் (குடியிருப்பில்) கோவில் மண்டபத்தில் சனிக்கிழமை காலையில் மிச்சக் காய்கறி கொடுக்கிறார்கள். பேரங்காடியில் விற்காமல் போனது, கேமரன் மலைக் காய்களில் மொத்த வியாபாரி ஒதுக்கியது எல்லாம் கலந்து வரும். காசு கேட்பதில்லை. வண்டிப் பெட்ரோலுக்கு உண்டியலில் விரும்பியதைப் போடலாம். வெள்ளிக்கிழமை பசார் மாலத்தில் (இரவுச் சந்தையில்) வாரத்துக்கு வேண்டியதை வாங்கிவிட்டு, மறுநாள் இந்தப் பையையும் தவறாமல் வாங்கி வருகிறேன். நான்கு மாதமாகிறது, செலவு ஒரு வெள்ளி (ரிங்கிட்) கூடக் குறையவில்லை. "குப்பைத் தொட்டிக்குத் தீனி போடுகிறாய்" என்கிறார் வீட்டுக்காரர். மாமியார் "பிச்சை" என்கிறார். எங்கே தப்பு?
- வாசகி, சுங்கை சிப்புட்

பதில்: தங்கச்சி, மாமியாரை அப்புறம் பார்ப்போம். தப்பு உங்கள் கடிதத்திலேயே இருக்கிறது. வெள்ளிக்கிழமை காசு கொடுத்துக் காய் வாங்கி ஐஸ்பெட்டியை நிரப்பிவிட்டீர்கள். சனிக்கிழமை வந்த பை எங்கே போகும்? செலவு எப்படிக் குறையும்?

வெள்ளிக்கிழமை வெங்காயம், பூண்டு, மிளகாய், மீன் இவற்றோடு திரும்பி வந்துவிடுங்கள். சனிக்கிழமை பையைக் கொட்டிப் பார்த்த பிறகு, என்ன குறைகிறதோ அதை மட்டும் ஞாயிறு காலை மார்க்கெட்டில் வாங்குங்கள். காசு மிச்சமாவது மண்டபத்தில் இல்லை, அந்த ஞாயிற்றுக்கிழமையில்தான்.

நான் 22 வருஷம் இதே ஊரில் ஒரு மளிகைக்கடையில் கணக்கு எழுதியவள். தோட்டத்து ஆட்களின் கடனெல்லாம் 555 என்கிற சின்னக் கடன் நோட்டில் என் கையெழுத்தில்தான் இருக்கும். அந்தப் பழக்கம் விடவில்லை, என் வீட்டுக் கணக்கும் இன்னும் 555-இல்தான். எங்கள் வீட்டில் 5 பேர், மாதச் சாமானுக்கு 640 வெள்ளி ஆகும். அதில் காய், பழம், ரொட்டி மட்டும் 190 வெள்ளி. மிச்சப் பை தொடுவது இந்த 190-ஐத்தான். அரிசி, பாக்கெட் எண்ணெய், சீனி எல்லாம் சீக்கிரம் கெடாத சாமான், கடைக்காரர் ஏன் ஒதுக்கப் போகிறார்? 10 கிலோ உள்நாட்டு அரிசிக்கு 26 வெள்ளி, ஒரு கிலோ பாக்கெட் எண்ணெய்க்கு 2 வெள்ளி 50 காசு கொடுத்துத்தான் ஆகவேண்டும். உங்கள் மைகார்டில் (அடையாள அட்டையில்) அடிப்படைச் சாமான் வாங்க அரசாங்கம் போடும் சாரா உதவித் தொகை வருகிறதென்றால் அதை அரிசி, எண்ணெய், பிஸ்கட் பக்கம் வையுங்கள், காயைப் பைக்கு விடுங்கள். அப்படிச் செய்த பிறகு என் 190 இப்போது 110-க்கு வந்திருக்கிறது. மாதம் 80 வெள்ளி. பெரிய தொகை இல்லைதான், ஆனாலும் ஒரு காஸ் தோம்பு (சிலிண்டர்) வாங்கி மீதியும் இருக்கும்.

இனி குப்பைத் தொட்டி விஷயம். பை வந்ததும் தரையில் பழைய பேப்பரை விரித்துக் கொட்டுங்கள். எது முதலில் சாகும் என்று பாருங்கள். சாவி, காங்கோங் மாதிரிக் கீரைகள் அன்று இரவைத் தாண்டாது, சமைத்துவிட வேண்டும். நசுங்கின தக்காளியில் பூஞ்சை பிடித்ததைத் தூக்கிப் போட்டுவிட்டு, மற்றதை வெங்காயம், காய்ந்த மிளகாயோடு நன்றாகச் சுண்டவைத்து, ஆறியதும் சின்னச் சின்னப் பொட்டலமாக ஃப்ரீசரில் போட்டுவிடுங்கள். அவசரத்துக்கு ஒன்றை எடுத்து முட்டையோ நெத்திலியோ போட்டால் சம்பால். கறுத்த வாழைப்பழம் சாயங்காலமே ஜெம்புட்-ஜெம்புட் (எண்ணெயில் பொரித்த வாழைப்பழ உருண்டை) ஆகட்டும். முட்டைக்கோஸ் பொறுமைசாலி. கழுவாமல் பேப்பரில் சுற்றி வைத்தால் இரண்டு வாரம் இருக்கும்.

பொறுமைசாலி என்பதற்காக அள்ளிக்கொண்டு வந்துவிடாதீர்கள். முதல் மாதம் நான் 4 முட்டைக்கோஸ் தூக்கி வந்தேன், சும்மா கிடைக்கிறதே என்று. பிரட்டல், கூட்டு, மீகோரெங், மறுபடியும் பிரட்டல். நாலாம் நாள் மருமகன் தட்டைப் பார்த்தார், ஒன்றும் பேசவில்லை, எழுந்து போய்த் தானே முட்டை பொரித்துக்கொண்டார். அன்றிலிருந்து வேண்டாததை மண்டபத்து மேசையிலேயே விட்டுவிட்டு வருகிறேன். பின்னால் நிற்பவர் எடுத்துக்கொள்வார்.

சரி, மாமியார். அவர் வாயில் பிச்சை என்ற சொல் ஏன் வருகிறது என்று எனக்குத் தெரியும். கடையில் எத்தனையோ பேரைப் பார்த்திருக்கிறேன். மற்ற ஆட்கள் போகும்வரை பருப்பு மூட்டையைப் பார்ப்பதுபோல் நின்றுவிட்டு, பிறகுதான் முந்தானையிலிருந்து 555-ஐ எடுப்பார்கள். அந்த வயதுப் பெண்களுக்குக் காசு கொடுக்காமல் வாங்குவது என்றாலே அந்த நிற்றல்தான் நினைவுக்கு வரும். அவரிடம் வாதம் பண்ணாதீர்கள். லயத்தில் இருந்தபோது கூட்டாக ஆடு வெட்டிப் பங்கு போட்டதையும், வேலியில் காய்த்த முருங்கையை நாலு வீட்டுக்கு அனுப்பியதையும் யார் பிச்சை என்றார்கள்? கேட்டுப் பாருங்கள், ஆனால் சாப்பாட்டு நேரத்தில் கேட்காதீர்கள். 2021 ஊரடங்கில் கஷ்டப்பட்டவர்கள் உதவி கேட்டு வீட்டு வாசலில் வெள்ளைக் கொடி கட்டினார்களே, அப்போது என் பக்கத்து வீட்டிலும் ஒன்று பறந்தது. அந்த வீட்டுத் தம்பிதான் இன்று எங்கள் மண்டபத்துக்கு வேன் ஓட்டுகிறார்.

இன்னொன்றும் செய்யலாம். அடுத்த சனிக்கிழமை மாமியாரையும் கூட்டிப் போங்கள், வாங்குவதற்கில்லை, கீரை ஆய. அங்கே நிற்கும் பிள்ளைகளுக்கு எது முற்றல், எது பிஞ்சு என்றே தெரிவதில்லை. ஒரு நாற்காலி போட்டு உட்கார வையுங்கள், பத்தாவது நிமிஷம் அவர் அதட்ட ஆரம்பித்துவிடுவார்.

கேள்வி: பையில் சில சமயம் தேதி தாண்டிய பிஸ்கட், ரொட்டி வருகிறது. பிள்ளைகளுக்குக் கொடுக்கலாமா?
- வாசகி, கோலக்கங்சார்

பதில்: பாக்கெட்டில் என்ன எழுதியிருக்கிறது என்று பாருங்கள். "பாயிக் செபெலும்" என்றால் அதுவரை ருசியும் மொறுமொறுப்பும் நன்றாக இருக்கும் என்று அர்த்தம். பிரிக்காத பிஸ்கட் சில நாள் தாண்டினாலும் நமத்துப் போகுமே தவிர விஷமாகிவிடாது. "தாரிக் லுபுட்" (காலாவதித் தேதி) என்று போட்டுத் தேதி தாண்டிய பால், தயிர், இறைச்சி மாதிரிச் சாமானைத் தொடாதீர்கள். குழந்தைப் பால்மாவு தேதி தாண்டினால் எந்தச் சமாதானமும் வேண்டாம், தூக்கி எறியுங்கள். உப்பின டின்னும் அப்படியே. ரொட்டியில் ஒரு மூலையில் பூஞ்சை இருந்தாலும் முழு ரொட்டியையும் வீசுங்கள், கிள்ளிவிட்டுச் சாப்பிடுகிற பழக்கம் வேண்டாம். (என் அம்மா கிள்ளிவிட்டுத்தான் கொடுத்தார். அது வேறு கதை.)

கேள்வி: அக்கா, அடுத்த மாதம் தங்கை கல்யாணம். சாப்பாடு மிஞ்சினால் தோட்டத்து வீடுகளுக்குக் கொடுக்க ஆசை. யாருக்காவது வயிற்றுவலி வந்து நம்மேல் வழக்குப் போட்டால் என்ன செய்வது என்று மாமா பயமுறுத்துகிறார்.
- வாசகர், சுங்காய்

பதில்: தம்பி, இதற்கென்றே உணவு நன்கொடையாளர் பாதுகாப்புச் சட்டம் 2020 இருக்கிறது, சட்டம் 826. உங்கள் கையை விட்டுப் போகும்போது சாப்பாடு பாதுகாப்பானதாக இருந்தால், நல்லெண்ணத்தோடு கொடுத்தவரைக் காப்பாற்றத்தான் அந்தச் சட்டம். மாமா பயப்பட வேண்டியது சோற்றுக்கு. ஆக்கின சோற்றிலும் சாகாமல் தங்கும் கிருமி ஒன்று உண்டு, நம் ஊர் வெக்கையில் அண்டாவிலேயே கிடந்தால் அது பெருகும். திரும்பச் சூடு பண்ணினாலும் அது விட்ட நஞ்சு போகாது. அதனால் பந்தியில் வைத்ததும் பஃபே தட்டில் கிடந்ததும் வேண்டாம். சமையல்கட்டில் தொடாமல் சூடாக இருப்பதை மட்டும், அடுப்பை அணைத்து 2 மணி நேரத்துக்குள் கட்டி அனுப்புங்கள். தேங்காய்ப்பால் ஊற்றினதை முதலில் அனுப்புங்கள்.

இதெல்லாம் கல்யாணத்தன்று யாருக்கும் ஞாபகம் இருக்காது. யார் கட்டுவது, யார் வண்டி, எந்தத் தோட்டம், அங்கே யார் வாங்கிப் பிரித்துக் கொடுப்பது என்று முதல் வாரமே பேசி வையுங்கள். மாப்பிள்ளை வீட்டாரிடம் மட்டும் விட்டுவிடாதீர்கள். கேட்டரிங்காரரிடம் மூடி போட்ட டப்பா 100 இப்போதே சொல்லி வையுங்கள், அன்று கேட்டால் பிளாஸ்டிக் பைதான் கிடைக்கும்.