ஒன்றரை மார்க் யாருக்கு?

கேள்வி: நண்பர்கள் தலையில் தூக்கி வைத்துக் கொண்டாடுகிறார்களே என்று சியரா நெவாடா பேல் ஏல் என்கிற பீரை வாங்கினேன். ஃப்ரீசரில் ஜில்லென்று ஆக்கி, பாட்டிலோடு குடித்தேன். கசப்பைத் தவிர ஒரு மண்ணும் தெரியவில்லை. பீருக்கு மார்க் போடும் மொபைல் ஆப்பில் ஐந்துக்கு ஒன்றரை போட்டுவிட்டேன். பழ வாசனை, பைன் வாசனை என்று இவர்கள் அளப்பதெல்லாம் பீலாதானே?
— ஒரு வாசகர், சான் ஹோசே

பதில்: அந்த ஒன்றரையை உங்கள் ஃப்ரீசருக்குப் போட்டிருந்தால் நானும் வழிமொழிந்திருப்பேன்.

குடிக்கலாமா கூடாதா என்று நீங்கள் கேட்கவில்லை. நானும் அந்தப் பக்கம் போகவில்லை. ஆனால் மார்க் போட்டிருக்கிறீர்களே, அதற்குக் கணக்குக் காட்ட வேண்டாமா? ஃப்ரிட்ஜில் கிடந்த ரசத்தை அப்படியே வாயில் ஊற்றிக்கொண்டு, பெருங்காயம் மணக்கவில்லை என்று சமைத்தவரைத் திட்டுகிற கதைதான் இது. குளிர் ஏற ஏற வாசனை மேலே எழும்பாது. கசப்பும் நுரையின் சுரீரும்தான் மிஞ்சும். போதாததற்குப் பாட்டிலின் குறுகிய வாயில் குடித்திருக்கிறீர்கள். மூக்குக்கு எங்கே வேலை?

அந்த பீரில் மூக்குக்குத்தான் முக்கால்வாசி வேலை. கென் கிராஸ்மனும் பால் கமுசியும் 1980-ல் கலிஃபோர்னியாவின் சிக்கோவில் காய்ச்ச ஆரம்பித்த காலத்தில், அமெரிக்க பீர் என்றாலே லாகர் என்கிற, வாசனையில்லாத வெளிர் ரக பீர்தான். இவர்கள் பேல் ஏலில் தாராளமாகப் போட்டது, பீருக்குக் கசப்பும் வாசனையும் தரும் ஹாப்ஸ் பூவில் காஸ்கேட் என்ற ரகம். அமெரிக்க வேளாண் துறையின் முயற்சியில் ஆரிகனில் உருவாகி, 1972-ல் வெளியானது. ஹாப்ஸ் பூவை நெடுநேரம் கொதிக்கவிட்டால் கசப்பு இறங்கும், வாசனை எண்ணெய் ஆவியோடு போய்விடும். கடைசி நேரத்தில் போட்டால் வாசனை தங்கும், கசப்பு அவ்வளவாக ஏறாது. ஒரே பூ, இரண்டு வேலை. நீங்கள் முதல் வேலையை மட்டும் பார்த்துவிட்டுத் தீர்ப்பு எழுதிவிட்டீர்கள்.

அடுத்த பாட்டிலை ஃப்ரிட்ஜிலிருந்து எடுத்துக் கொஞ்ச நேரம் வெளியே வையுங்கள். ஏழெட்டு டிகிரி செல்சியஸுக்கு வரட்டும். கண்ணாடி டம்ளர் சுத்தமாக இருக்க வேண்டும்; பக்கச் சுவரில் குமிழி ஒட்டிக்கொண்டு நின்றால் எண்ணெய்ப் பிசுக்கோ அழுக்கோ போகவில்லை என்று அர்த்தம். இரண்டு விரல் நுரை நிற்கும்படி ஊற்றி, வாயில் வைக்கும் முன் முகர்ந்து பாருங்கள். பம்பளிமாஸ் தோலைக் கிள்ளினால் வருமே, அந்த வாசனை. பின்னாலேயே லேசாக பைன் பிசின். வாயில் முதலில் மால்ட்டின், அதாவது முளைகட்டிக் காயவைத்த தானியத்தின், கேரமல் இனிப்பு, அதை மூடிக்கொண்டு கசப்பு. ஒயின்காரர்கள் போலத் துப்பாதீர்கள், விழுங்குங்கள். தொண்டையில் இறங்கிய பிறகு மூக்கின் பின்வழியாக வரும் வாசனையும், கசப்பு எவ்வளவு நேரம் நிற்கிறது என்பதும் கணக்கில் சேரும். அடியில் மெல்லிய வண்டல் இருந்தால் பதறாதீர்கள், அது பீரை நொதிக்க வைத்த ஈஸ்ட்.

போட்டிகளில் பீருக்கு மார்க் போடும் நீதிபதிகளுக்கான பிஜேசிபி என்ற அமைப்பின் மதிப்பெண் தாளில் மொத்தம் 50. வாசனைக்கு 12, தோற்றத்துக்கு 3, சுவைக்கு 20, வாயில் உணரும் கனத்துக்கு 5, ஒட்டுமொத்த அபிப்பிராயத்துக்கு 10. ‘எனக்குக் கசப்பு ஆகாது’ என்பதற்குத் தனிப் பத்தி கிடையாது. பேல் ஏல் கசக்கத்தான் செய்யும். கசக்காமல் இருந்தால்தான் மார்க் குறையும். பாப்கார்ன் வெண்ணெய் வாசனை வந்தால் குறையுங்கள், ஈஸ்ட் தன் வேலையை முடிக்கவில்லை. நனைந்த அட்டைப்பெட்டி வாசனை வந்தாலும் குறையுங்கள், ஆனால் அதற்கு முன் பாட்டிலில் அடித்திருக்கும் தேதியைப் பாருங்கள். மாதக்கணக்கில் கடை அலமாரியில் கிடந்த பழைய சரக்குக்கு சிக்கோக்காரர் என்ன செய்வார்?

உங்கள் நண்பர்களையும் நான் முழுதாக நம்பவில்லை. லேபிளைப் படித்துவிட்டு வாசனை கண்டுபிடிக்கிற ஆட்கள் எல்லா ஊரிலும் உண்டு. ஆலைகளிலேயே செய்கிற சோதனை ஒன்று இருக்கிறது: மூன்று டம்ளர், இரண்டில் ஒரே பீர், ஒன்றில் வேறு. எது எதுவென்று சொல்லாமல் ஒற்றையைக் கண்டுபிடிக்கச் சொல்லுங்கள். ஒரு தடவை குருட்டாம்போக்கில் அமைந்துவிடும். டம்ளர்களை இடம் மாற்றி நாலைந்து தடவை கேளுங்கள். அப்படியே நீங்களும் ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டு உட்காருங்கள்.