ஓட்டுக் கேட்க ஒரு வலைத்தளம்: வாசகர் கேள்வி பதில்

வடசென்னையிலிருந்து இந்த முறை வந்த கேள்விகளில் பல ஒரே விஷயத்தைச் சுற்றி இருந்தன: வேட்பாளருக்கு வலைத்தளம். ஒன்றாகவே எடுத்துக்கொண்டோம்.

*என் அண்ணி ஆர்.கே. நகர் தொகுதியில் சுயேச்சையாக நிற்கப்போகிறார். தளம் செய்து தருகிறவர் முகப்பில் ட்ரோன் வீடியோ, பாட்டு, ஓடும் எழுத்து எல்லாம் வைத்து 60,000 ரூபாய் கேட்கிறார். கொடுக்கலாமா? (வாசகி, தண்டையார்பேட்டை)*

முதலில் பாட்டை எடுக்கச் சொல்லுங்கள். அண்ணியின் தளத்தைத் திறப்பவர் மேசை முன்னால் உட்கார்ந்திருக்க மாட்டார். உங்கள் ஊர் மெட்ரோ நிலையத்தில் படி இறங்கிக்கொண்டே, சிக்னல் குறைந்துகொண்டு போகும் இடத்தில் ஒற்றைக் கையால் போனைத் தட்டுவார். பாட்டு அலறினால் பதறிப்போய் மூடிவிடுவார். ட்ரோன் வீடியோ அரை நிமிடம் என்றாலே 20 எம்பியைத் தொட்டுவிடும். அது வந்து சேருவதற்குள் ரயில் வந்துவிடும். ஓடும் எழுத்தைப் பற்றிச் சொல்லவே வேண்டாம், அது வேட்பாளருக்கு மட்டும்தான் பிடிக்கும்.

முகப்புப் பக்கம் மொத்தமாக 1 எம்பிக்குள் அடங்கட்டும். போனில் எடுத்த படம் 4 எம்பி வரை இருக்கும். 1200 பிக்சல் அகலத்துக்குக் குறைத்து, வெப்பி (WebP) என்ற, இணையத்துக்கான சுருக்கப் பட வடிவத்தில் சேமித்தால் 150 கேபிக்குள் வந்துவிடும். கண்ணுக்கு வித்தியாசம் தெரியாது.

விரலால் தள்ளாமலே தெரிகிற முதல் திரையில் என்ன இருக்க வேண்டும்? அண்ணியின் முகம், வாக்குச்சீட்டில் வரப்போகும் அதே எழுத்தில் பெயர், தொகுதி (டாக்டர் ராதாகிருஷ்ணன் நகர், எண் 11), எதற்காக நிற்கிறார் என்று ஒரே வரி. சுயேச்சைக்குச் சின்னம் வேட்புமனுவைத் திரும்பப் பெறும் நாள் முடிந்த பிறகுதான் ஒதுக்கப்படும். அதனால் சின்னத்துக்கு இப்போதே இடம் விட்டு வையுங்கள். கிடைத்த அன்று இரவே சின்னமும் இயந்திரத்தில் அவருடைய வரிசை எண்ணும் அங்கே ஏறிவிட வேண்டும். கட்சி வேட்பாளரின் சின்னம் எல்லோருக்கும் தெரியும். சுயேச்சைக்கு இருப்பது பதினைந்து நாள்கூட இல்லை, அதில் ஒரு நாள் போனாலும் நஷ்டம்.

அதற்குக் கீழே மூன்று பொத்தான்கள் போதும்: என்ன செய்வார், கூட வேலை செய்ய, பேச. தொலைபேசி எண்ணைப் படத்துக்குள் எழுதாதீர்கள். தொட்டால் அழைப்பு போகும்படி எழுத்தாக இருக்க வேண்டும்.

இன்னொன்று, இதைப் பலரும் தவிர்ப்பார்கள்: வேட்புமனுவோடு கொடுக்கும் படிவம் 26 உறுதிமொழிப் பத்திரம். சொத்து, கடன், வழக்கு எல்லாம் அதில் இருக்கும். தேர்தல் ஆணையம் எப்படியும் அதைத் தன் தளத்தில் வெளியிடும். யாரோ பாதியைப் படம் பிடித்து வாட்ஸ்அப்பில் விடுவதற்கு முன் முழுசையும் நீங்களே போட்டுவிடுங்கள்.

இத்தனைக்கும் ஐந்து பக்கம் போதும். 60,000-ஐ அப்படியே தூக்கிக் கொடுக்காமல் எதற்கு எவ்வளவு என்று பிரித்துக் கேளுங்கள். தளப்பெயருக்கு (டொமைன், அதாவது தளத்தின் முகவரி) ஆண்டுக்கு ஆவது அதில் சிறு பங்குதான். மிச்சம் பிடிக்கிற பணத்தை, வாக்குப்பதிவு வரை தினமும் ஒரு மணி நேரம் தளத்தைப் பார்த்துக்கொள்ளும் ஆளுக்கு ஒதுக்குங்கள். நாம் பார்த்தவரை தளங்கள் கெடுவது வடிவமைப்பால் அல்ல, மூன்று வாரம் முன்பு நடந்த கூட்டத்தின் அறிவிப்பு முகப்பிலேயே தொங்குவதால்தான்.

*தேர்தல் அறிக்கையைப் பிடிஎஃப்பாகப் போட்டால் போதாதா? (வாசகர், எண்ணூர்)*

போதாது. அச்சுக்குப் போன ஏ4 பக்கத்தைப் போன் திரையில் இரண்டு விரலால் இழுத்து இழுத்து யார் படிப்பார்? ஸ்கேன் செய்த பக்கமாக இருந்தால் தேடலிலும் சரியாக வராது. இறக்கிக்கொள்ள ஒரு பிரதி இருக்கட்டும். ஆனால் ஒவ்வொரு பிரச்சினைக்கும் தனிப் பக்கம், தனி இணைப்பு வேண்டும். மீனவர் குழுவில் மீன்பிடி பற்றிய பக்கத்தை மட்டும் பகிர முடிந்தால்தான் அது நகரும்.

எழுதும் விதமும் முக்கியம். 'மாசற்ற எண்ணூர் அமைப்போம்' என்று எழுதினால் எதிர் வேட்பாளரும் அதையேதான் எழுதியிருப்பார். 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வெள்ளத்தோடு எண்ணெய் வந்து முகத்துவாரத்தில் கலந்ததை, வலை கெட்டுப்போனவருக்கு நீங்கள் விளக்க வேண்டியதில்லை. பக்கத்தில் நான்கு விஷயம் இருக்கட்டும்: பிரச்சினை இரண்டு வரியில், அது யார் கையில் இருக்கிறது, சட்டமன்ற உறுப்பினரால் அதில் என்ன முடியும், முதல் ஆறு மாதத்தில் எதைச் செய்வீர்கள்.

இரண்டாவதில்தான் பலர் வழுக்குவார்கள். கொடுங்கையூர் குப்பைக் கிடங்கு மாநகராட்சியுடையது. ஆலைக் கழிவுக்கு நடவடிக்கை எடுப்பது மாசுக் கட்டுப்பாட்டு வாரியம். ரயில்வே கேட் ரயில்வேயுடையது. 'கேட்டை நானே மூடி மேம்பாலம் கட்டுவேன்' என்று சட்டமன்ற வேட்பாளர் எழுதினால், துறைமுகத்திலோ ரயில்வேயிலோ வேலை பார்க்கிற வாக்காளர் அந்த ஒரு வரியைப் படித்துவிட்டு மற்றதை நம்ப மாட்டார். 'சட்டமன்றத்தில் கேள்வி எழுப்புவேன், மாநில அரசின் பங்குத்தொகை எந்த நிலையில் இருக்கிறது என்பதை இந்தப் பக்கத்திலேயே போடுவேன்' என்பது சின்னதாகத் தெரியும். ஆனால் நிற்கும்.

*நோட்டீஸில் அழகாக இருக்கும் தமிழ், தளத்தில் ஒட்டினால் ஆங்கில எழுத்துக் குப்பையாக மாறுகிறது. வைரஸா? (வாசகர், ராயபுரம்)*

வைரஸ் இல்லை, பாமினி. அச்சகங்களில் இன்றும் ஓடுகிற பாமினி, வானவில் போன்ற பழைய எழுத்துருக்கள் ஆங்கில எழுத்துகளின் இடத்தில் தமிழ் வடிவத்தை உட்கார வைத்தவை. அந்த எழுத்துரு இல்லாத இடத்தில் போர்வை விலகி அடியில் இருப்பது தெரிகிறது. பாமினியில் அடித்த 'தமிழ்' தளத்தில் ஜே, கே, பி, ஓ, கடைசியில் ஓர் அரைப்புள்ளி என்று நிற்கும்.

'அதே எழுத்துருவைத் தளத்திலும் ஏற்றிவிடலாம்' என்பார்கள். ஒப்புக்கொள்ளாதீர்கள். கண்ணுக்குத் தமிழாகத் தெரியும், கூகுளுக்குத் தெரியாது. பார்வையற்றவர்களின் திரைவாசிப்பானும் அதை உளறும். எல்லாக் கருவிகளுக்கும் பொதுவான எழுத்துக் குறியீடான யூனிகோடுக்கு மாற்றித்தான் ஆக வேண்டும். மாற்றித் தரும் கருவிகள் இலவசமாகவே கிடைக்கின்றன. மூல எழுத்துரு எது என்பதைச் சரியாகத் தேர்ந்தெடுங்கள்.

மாற்றிய பிறகு ஒருவர் உட்கார்ந்து படிக்க வேண்டும். அவசரத்தில் தட்டச்சு செய்கிறவர்கள் துணைக்காலுக்குப் பதில் 'ர' அடித்திருப்பார்கள். அச்சில் இரண்டும் ஒன்றுபோலத் தெரியும், மாற்றியதும் அந்தப் பிழையும் கூடவே வரும். 'நாம்' என்பது 'நரம்' ஆகியிருக்கும். வேட்பாளர் பெயரில் துணைக்கால் இருந்தால் அந்த இடத்தை இரண்டு முறை பாருங்கள், அங்கே பிழை இருந்தால் பெயரைத் தேடினாலும் தளமே வராது.

வேட்பாளர் பெயரைப் பக்கத் தலைப்பில் ஆங்கில எழுத்திலும் சேர்த்துவிடுங்கள். தேடுகிறவர்களில் பலர் அப்படித்தான் அடிப்பார்கள்.

*துண்டறிக்கையில் க்யூஆர் கோடு போட்டோம். பாதிப் பேருக்கு வேலை செய்யவில்லை. (வாசகர், காசிமேடு)*

காரணம் நான்கில் ஒன்றாக இருக்கும். கோடு 2.5 செ.மீ.க்கும் சின்னதாக இருக்கலாம், அல்லது சுற்றிலும் விட வேண்டிய வெள்ளை ஓரத்தைக் கட்சிக் கொடியின் நிறம் தின்றிருக்கலாம். இடத்துக்கு ஏற்ப அச்சகத்தில் ஒரு பக்கமாக இழுத்திருக்கலாம். நான்காவது கொஞ்சம் விஷமம்: இலவசச் சோதனைக் கணக்கில் உருவாக்கிய கோடு. அது நேராக உங்கள் தளத்துக்குப் போகாமல் அந்தச் சேவையின் வழியாகப் போகும்; சோதனைக் காலம் முடிந்ததும் செத்துவிடும். தள முகவரியையே நேரடியாகக் கொண்ட கோடு போடுங்கள், அதற்குக் கெடு இல்லை. பத்தாயிரம் அடிப்பதற்கு முன் ஒன்றே ஒன்று அடித்து, பழைய போன் ஒன்றிலும் தெருவிளக்கு வெளிச்சத்திலும் சோதித்துப் பாருங்கள்.

கோடு கைகொடுக்காதவர் முகவரியைத் தட்டத்தான் வேண்டும். அதற்கு ஒரு சோதனை: பிரசார ஆட்டோவின் ஒலிபெருக்கியில் ஒரு தடவை சொன்னால் கேட்டவர் தப்பில்லாமல் அடிக்க முடியுமா? பெயரில் 'ழ' இருந்தால் ஆங்கிலத்தில் இரண்டு விதமாக எழுதுவார்கள். இரண்டையும் வாங்கி ஒன்றுக்குத் திருப்பிவிடுங்கள்.

துண்டறிக்கையில் அச்சிட்டவர், வெளியிட்டவர் பெயரும் முகவரியும் இருந்தாக வேண்டும். மக்கள் பிரதிநிதித்துவச் சட்டம் 1951, பிரிவு 127-ஏ. க்யூஆர் கோடுக்கு இடம் செய்ய அந்த வரியைத் தூக்கிவிடாதீர்கள்.

*தளச் செலவைத் தேர்தல் கணக்கில் காட்ட வேண்டுமா? முன் அனுமதி வேண்டுமா? (வாசகர், வியாசர்பாடி)*

காட்ட வேண்டும். தேர்தல் ஆணையம் 2013 அக்டோபரிலேயே இதைத் தெளிவாக்கிவிட்டது: இணைய நிறுவனங்களுக்குக் கொடுத்த விளம்பரப் பணம், உள்ளடக்கம் தயாரித்த செலவு, அந்த வேலை செய்கிறவர்களின் சம்பளம் எல்லாமே கணக்கில் வரும். சட்டமன்றத் தொகுதிக்குத் தமிழ்நாட்டில் உச்சவரம்பு 40 லட்சம். மனுத்தாக்கலுக்கு முன்னரே திறந்த தனி வங்கிக் கணக்கிலிருந்து கொடுத்து, ரசீதை அன்றன்றே படமெடுத்து வையுங்கள்.

முன் அனுமதி விஷயத்தில் குழப்பம் அதிகம். சொந்தத் தளத்திலோ சொந்தக் கணக்கிலோ நீங்கள் போடும் எழுத்துக்கும் படத்துக்கும் முன்சான்று தேவையில்லை. காசு கொடுத்து அதையே விளம்பரமாக ஓட்டினால் ஊடகச் சான்றளிப்புக் குழுவிடம் சான்று வாங்க வேண்டும். வேட்பாளர் குறைந்தது 3 நாள் முன்னதாக விண்ணப்பிக்க வேண்டும்.

வாக்குப்பதிவு முடியும் நேரத்துக்கு முந்தைய 48 மணி நேரம் பிரசார ஓய்வு. அது தொடங்குவதற்குள் எல்லா விளம்பரத்தையும் நிறுத்திவிடுங்கள். தானாக வெளியாகும்படி முன்கூட்டியே நேரம் குறித்து வைத்த பதிவுகளைத்தான் அந்த அவசரத்தில் எல்லோரும் மறப்பார்கள்.

*தொண்டர்கள் சேர ஒரு படிவம் வைத்தோம். நான்கு பேர்தான் நிரப்பினார்கள். (வாசகி, பெரம்பூர்)*

எத்தனை கட்டம் வைத்தீர்கள்? அப்பா பெயர், பிறந்த தேதி, ஆதார் எண் என்று கேட்டிருந்தால் நான்கு பேர் வந்ததே பெரிது. பெயர், போன், தெரு, எந்த நாள் வரமுடியும்: இவ்வளவுதான். ஆதாரைக் கேட்கவே கூடாது. நிரப்பியவரை அன்று மாலைக்குள் யாராவது கூப்பிட வேண்டும். மூன்று நாள் கழித்துக் கூப்பிட்டால் 'எந்தப் படிவம்?' என்பார்.

வந்த விவரங்கள் சேரும் தாளை 'இணைப்பு உள்ள யாரும் பார்க்கலாம்' என்று திறந்து போட்டுவிடாதீர்கள். நம்பி எண் கொடுத்தவர்களின் பட்டியல் ஒரே நாளில் எதிர்முகாமுக்குப் போய்விடும். வாக்காளர் பட்டியலைத் தளத்தில் ஏற்றுவதும் வேண்டாம். பெயர் இருக்கிறதா என்று பார்க்க ஆணையத்தின் தளத்துக்கு ஓர் இணைப்பும், 1950 என்ற உதவி எண்ணும் போதும்.

*தேர்தல் முடிந்ததும் தளத்தை மூடிவிடலாமா? (வாசகர், திருவொற்றியூர்)*

செலவுக் கணக்கைக் கொடுத்த பிறகு பக்கங்களை எடுத்துவிடலாம், தளப்பெயரை விடாதீர்கள். கைவிட்ட பெயரை வாங்குவதற்கென்றே ஆட்கள் இருக்கிறார்கள். அடுத்த ஆண்டு அதே முகவரியில் ஆன்லைன் ரம்மி ஓடும். சுவரில் மிச்சமிருக்கும் உங்கள் போஸ்டரின் க்யூஆர் கோடு நேராக அங்கே கொண்டுபோய் விடும். தளப்பெயரை வாங்கும்போதே தம்பியின் நண்பன் மின்னஞ்சலில் வாங்காமல் வேட்பாளரின் சொந்த மின்னஞ்சலில் வாங்கி, குறைந்தது மூன்று ஆண்டுக்குக் கட்டிவிடுங்கள். முடிவு வந்த 30 நாளுக்குள் செலவுக் கணக்கு தாக்கல் செய்ய வேண்டும். அதுவரை தளத்தில் எதையும் அழிக்காமல் வைத்திருங்கள், எந்த விளம்பரம் எந்த நாளில் வந்தது என்று கேட்டால் காட்ட வேண்டியிருக்கும்.