சருகு உதிராத செடி

அன்புள்ள ஐயா,

செடிகளைப் பற்றி நீங்கள் எழுதுவதைத் தொடர்ந்து படித்து வருகிறேன். ஓய்வு பெற்றபின் வீட்டின் முன்புறத்தில் முப்பதடி நீளம், எட்டடி அகலத்துக்கு ஒரு தோட்டம் போட முயல்கிறேன். ஆண்டு முழுவதும் நிறம் இருக்கவேண்டும், இலை உதிரக்கூடாது என்பதுதான் என் ஆசை. தினமும் பெருக்க முதுகு இடம்கொடுக்கவில்லை. ‘பசுமைமாறாப் புதர்ச்செடி’ என்றே கேட்டு வாங்கி குரோட்டன்ஸ், வெட்சி, காகிதப்பூ மூன்றையும் வைத்தேன். குரோட்டன்ஸ் வந்த பத்தே நாளில் பாதி இலையைக் கொட்டிவிட்டது. மரநிழலில் வைத்த இன்னொன்று நிறம் போய்ப் பச்சையாகிவிட்டது. வெட்சியை மாதம் ஒருமுறை உருண்டையாக வெட்டி ஒழுங்காக வைத்திருக்கிறேன், ஆனால் பூப்பதில்லை. காகிதப்பூ, மழையில்லாத இந்த ஒன்றரை மாதத்தில் ஓர் இலைகூட இல்லாமல் வெறும் குச்சியாக நின்றது. பட்டுப்போனது என்று நான்கு நாட்களுக்கு முன் பிடுங்கி மதிலோரம் போட்டுவிட்டேன். இலை கொட்டாத, அதிகம் தண்ணீர் கேட்காத, நிறமுள்ள புதர்ச்செடிகள் பத்தின் பெயரை எழுத முடியுமா? அரளி வைக்கலாமா? வீட்டில் இரண்டு வயதுப் பேரன் இருக்கிறான். எந்த உரம் நல்லது?

அன்புடன்,
கே.

*

அன்புள்ள கே.,

அரளி வேண்டாம். இலை, பூ, தண்டு, விதை என அதன் ஒவ்வொரு பாகமும் நஞ்சு. கைக்குக் கிடைத்ததையெல்லாம் வாயில் வைக்கிற வயது பேரனுக்கு. உரத்தைப் பற்றி இப்போது பேச்சே வேண்டாம். வேர் பிடிக்காத செடிக்கு உரம் போட்டு ஒரு பயனும் இல்லை. தண்ணீர் குறைவாகக் கேட்கும் செடி என்று நீங்கள் நினைப்பது எல்லாமே முதல் ஓராண்டு ஒழுங்காகத் தண்ணீர் குடித்துக் கீழே வேர்விட்ட செடிதான். தினமும் கொஞ்சம் தெளிக்காமல், மேல்மண் காய்ந்தபின் வேர்வரை இறங்கும்படி ஊற்றுங்கள்.

பத்துப் பெயர்களைப் பற்றி. உங்கள் கடிதத்தைப் படிக்கும்போது எனக்கு வருத்தம் வந்தது, கோபமும் வந்தது. அது வருமுன்பே, பசுமைமாறா என்ற சொல்லைப் பற்றியே ஒரு வாரமாக யோசித்துக்கொண்டிருந்தேன். என் வாசலில் இருக்கும் நந்தியாவட்டையின் அடியில் நேற்று நாற்பது பழுத்த இலைகளை எண்ணினேன். மேலே செடி எப்போதும்போல் அடர்ந்து நிற்கிறது. ஓர் இலைகூடக் குறைந்ததாகத் தெரியவில்லை. அந்த நேரத்தில் உங்கள் கடிதம் வந்து, ‘இலை உதிராத செடி வேண்டும்’ என்கிறது.

பசுமைமாறா என்ற சொல்லை நிறுத்திப் படியுங்கள். மாறாதது பசுமை. இலை மாறாது என்று அந்தச் சொல் எங்கே சொல்கிறது? ஒரு குறிப்பிட்ட பருவத்தில் எல்லா இலைகளையும் ஒன்றாகக் கொட்டிவிட்டு மொட்டையாக நிற்பது இலையுதிர் வகை. பசுமைமாறா வகை ஆண்டு முழுவதும் சிறிது சிறிதாக உதிர்க்கும், சிறிது சிறிதாகத் தளிர்க்கும், அதனால் நம் கண்ணுக்கு மாறாமல் இருப்பதாகத் தோன்றும். பசுமைமாறாச் செடிகளிலும் சில, புதுத் தளிர் வரும் வேளையில் பழைய இலைகளை மொத்தமாகக் கீழே தள்ளும். சில செடிகளில் ஓர் இலையின் ஆயுள் சில மாதங்கள், சிலவற்றில் சில ஆண்டுகள். பிரிஸ்டில்கோன் பைன் மரத்தின் ஊசியிலைகள் முப்பது ஆண்டுக்கு மேலும் கிளையில் தங்கும், ஆனால் அவையும் ஒருநாள் விழும். இலையை உதிர்க்காமலே வாழ்கிற செடி என்று தேடினால் ஆப்பிரிக்காவின் நமீப் பாலைவனத்துக்குத்தான் போகவேண்டும். அங்கே வெல்விட்சியா என்று ஒரு செடி இருக்கிறது. அதற்கு மொத்தமே இரண்டு இலைகள். ஆயிரம் ஆண்டு வாழ்ந்தாலும் அதே இரண்டுதான். அடியிலிருந்து வளர்ந்துகொண்டே இருக்கும், நுனியோ வெயிலிலும் காற்றிலும் கிழிந்து நாராகிக் கருகிக்கொண்டே இருக்கும். அதற்கும் சருகு உண்டு, செடியை விட்டுப் பிரியாத சருகு.

கொழுந்து, தளிர், இலை, பழுப்பு, சருகு என்று ஓர் இலைக்கு அதன் வயதை வைத்து ஐந்து பெயர் சொன்ன மொழியில் வளர்ந்தவர்கள் நாம். ஐந்தில் நடுவில் இருக்கும் ஒன்றை மட்டும் வைத்துக்கொண்டு மற்ற நான்கையும் நீக்கித் தா என்று கேட்கிறீர்கள்.

உங்கள் கேள்வியின் உள்ளே ஒரு முரண் இருக்கிறது. இலை உதிரக்கூடாது, நிறம் மட்டும் வேண்டும் என்கிறீர்கள். ஆனால் நிறம் என்று நீங்கள் காண்பதில் பெரும்பகுதி இலையின் வயதுதான். மாந்தளிரைப் பாருங்கள். அந்தச் செம்மை, இளம் இலையில் பச்சையம் நிறையுமுன் ஊறும் ஆந்தோசயனின் என்ற நிறமி. கடும் வெளிச்சத்தில் தளிர் கருகாமல் காக்கும் திரை அது. குளிர்ந்த ஊர்க்காரர்கள் வேலியாக வைக்கும் ஃபோட்டினியா புதர் தீப்பிடித்ததுபோல் சிவந்து நிற்பதும் இதே தளிரால்தான். பத்து நாள், இருபது நாள் கழித்து இலை முற்றினால் பச்சையாகிவிடும். மறுபடி சிவப்பு வேண்டுமென்றால் மறுபடி தளிர் வேண்டும். தளிர் வந்தால் கீழே ஒன்று பழுக்கத்தான் செய்யும்.

குரோட்டன்ஸில் இது தலைகீழ். பல ரகங்களில் இளம் இலை பச்சையும் மஞ்சளுமாக வரும், வயதாக ஆக ஆரஞ்சு ஏறும், சிவக்கும், கடைசியில் சில ரகங்களில் கறுப்போடும். நான் சிறுவனாக இருந்தபோது எங்கள் வீட்டு வாசற்படிக்குப் பக்கத்தில் அப்படி ஒரு குரோட்டன்ஸ் இருந்தது. காய்ச்சலில் படுத்து எழுந்த ஒரு நாள் படியில் உட்கார்ந்திருந்தேன். பள்ளிக்கூடம் இல்லை, விளையாடவும் அனுமதி இல்லை. அம்மா பக்கத்தில் உட்கார்ந்து ஒரே ஒரு தண்டைப் பிடித்து மேலிருந்து கீழாகக் காட்டினாள். நுனியில் இருந்த பச்சை மஞ்சளைத் தொட்டு, ‘இது தங்கை’ என்றாள். அடுத்த மஞ்சளைத் தொட்டு, ‘இது நீ’. ஆரஞ்சுப் புள்ளி விழுந்ததைத் தொட்டு, ‘இது அக்கா’. நல்ல சிவப்பு ஒன்று இருந்தது, அதுதான் தான் என்றாள். அடியில் கறுத்துத் தொங்கிய இலையை நான் காட்டி, ‘அது பாட்டி’ என்றேன். அம்மா அதைத் தொட்டாள், கையோடு வந்துவிட்டது. பாட்டி அப்போது உயிரோடுதான் உள்ளே இருந்தாள். எனக்கு அழுகை வந்துவிட்டது. அம்மா அந்த இலையைத் தூக்கி எறியவில்லை. செடியின் அடியிலேயே, மற்றச் சருகுகளுக்கு மேல் வைத்துவிட்டு அடுப்பு வேலைக்குப் போனாள்.

வாசல் முழுவதையும் அவள் தினமும் பெருக்குவாள், அந்தச் செடியின் அடியை மட்டும் ஒருநாளும் பெருக்கியதில்லை. மூடாக்கு என்ற சொல் அவளுக்குத் தெரியாது. சருகு கிடந்தால் மண் காயாது, களை வராது, மட்கினால் செடிக்கே சேரும் என்பது தெரியும். உங்கள் முதுகுவலிக்கு நான் சொல்லும் மருந்தும் அதுதான். புதரின் அடியைப் பெருக்காதீர்கள். தண்டைத் தொடாமல் நான்கு விரல் இடம் விட்டுச் சருகை அங்கேயே பரப்பிவிடுங்கள். எட்டடி அகலத்தில் நடைபாதை இரண்டடி இருக்குமா? அதை மட்டும் பெருக்குங்கள்.

உங்கள் குரோட்டன்ஸ் பத்து நாளில் இலையைக் கொட்டியதற்கு அதன்மேல் கோபப்படாதீர்கள். நர்சரியின் நிழல்வலைக்கு அடியில் வளர்ந்த செடியை எடுத்து நேர் வெயிலில் வைத்தாலும் கொட்டும், தொட்டியிலிருந்து மண்ணுக்கு மாற்றினாலும் கொட்டும். புது இடத்துக்கு ஏற்ற இலைகளை அது இனிமேல்தான் தளிர்க்கப் போகிறது. மரநிழலில் பச்சையானதும் நோயில்லை. வெளிச்சம் போதாத இடத்தில் பச்சையம் கூடும், மற்ற நிறங்கள் அடங்கும். காலையில் நாலைந்து மணி நேரம் வெயில் விழும் இடத்துக்கு மாற்றுங்கள். பழைய பச்சை இலைகள் பெரும்பாலும் அப்படியே இருக்கும், அடுத்து வரும் இலைகளில் நிறத்தைத் தேடுங்கள். வெள்ளை விளிம்பு ஓடிய இலைகளுள்ள செடி வாங்கினால், அதில் முழுப்பச்சைக் கிளை ஏதாவது கிளம்பினால் அடியோடு வெட்டிவிடுங்கள். பச்சையம் அதிகமுள்ள கிளை வேகமாக வளர்ந்து மற்றவற்றை அமுக்கிவிடும்.

வெட்சிக்கு வருகிறேன். இங்கே நான் உங்களைத் திட்டத்தான் வேண்டும். அந்தச் செடி பூங்கொத்தைக் கிளையின் நுனியில்தான் வைக்கும். நீங்கள் மாதம் ஒருமுறை எல்லா நுனிகளையும் வெட்டி உருண்டையாக்குகிறீர்கள். மொட்டு கட்ட அவகாசம் எங்கே? பூக்கிற செடியைக் கொண்டுவந்து, பூக்க விடாமல் தடுத்துக்கொண்டு, பூப்பதில்லை என்று குறை சொல்கிறீர்கள். பூத்து ஓய்ந்தபின் ஆண்டுக்கு ஒருமுறை கவாத்து போதும். உருண்டைதான் வேண்டுமென்றால் பூவுக்கு ஆசைப்படாத வேறு செடியை வையுங்கள். வெட்சியின் இளம் இலைகள் நரம்பு மட்டும் பச்சையாக, மற்ற இடம் மஞ்சளாக வெளுத்தால் அது இரும்புச்சத்துக் குறை. சுண்ணாம்பு மிகுந்த மண்ணில் இரும்பு இருந்தாலும் வேரால் எடுக்க முடியாது. சிமெண்ட் சுவரை ஒட்டி வைத்திருந்தால் தள்ளி நடுங்கள்.

காகிதப்பூ. இதைத்தான் எழுதவேண்டும் என்று தொடங்கினேன்.

நகத்தால் சுரண்டிப் பார்த்தீர்களா? பிடுங்குவதற்கு முன் கட்டைவிரல் நகத்தால் தண்டின் பட்டையை ஒரே ஒரு இடத்தில் மெல்லச் சுரண்டிப் பார்த்தீர்களா? உள்ளே பச்சை தெரிந்தால் உயிர் இருக்கிறது. நுனியில் பழுப்பாக இருந்தால் கொஞ்சம் கீழே வந்து சுரண்டவேண்டும், அங்கும் பழுப்பென்றால் இன்னும் கீழே, கடைசியில் மண்ணோடு ஒட்டிய அடித்தண்டில். அங்கேயும் காய்ந்து பழுப்பாக இருந்தால்தான் பட்டுப்போனது என்ற சொல்லை வாயில் எடுக்கலாம். இதற்கு ஒரு நிமிடம் ஆகாது. ஆனால் பிடுங்குகிற கைக்கு அந்த ஒரு நிமிடம் இருப்பதில்லை. எத்தனை வீட்டு மதிலோரங்களில் உயிருள்ள செடிகள் கிடந்து காய்வதைப் பார்த்திருக்கிறேன்!

காகிதப்பூ அரைப் பசுமைமாறா வகை. ஈரம் குறையாத இடத்தில் ஆண்டு முழுவதும் இலையோடு இருக்கும். வறட்சி வந்தால், கடுங்குளிர் வந்தால் கொட்டிவிடும். நீர் வெளியேறுவது இலைத்துளைகள் வழியாக. இருக்கும் நீரைக் காக்கவேண்டுமானால் இலையை விட்டுவிட வேண்டும். அப்போதும் அது சும்மா விடுவதில்லை. இலையில் இருக்கும் தழைச்சத்திலும் (நைட்ரஜன்) மணிச்சத்திலும் (பாஸ்பரஸ்) கணிசமான பங்கைத் தண்டுக்குத் திரும்ப இழுத்துக்கொண்டு, காம்பின் அடியில் ஓர் அடைப்பைக் கட்டிக்கொண்டு, பிறகுதான் உதிர்க்கும். நீங்கள் குச்சி என்று சொன்னது அந்தச் செடி தன் சேமிப்பையெல்லாம் வைத்திருந்த இடம். பெரும்பாலும் இந்த வறண்ட வாரங்களுக்குப் பிறகுதான் அது கிளைகொள்ளாமல் பூக்கும். தண்ணீரிலேயே நிற்கும் காகிதப்பூ இலையாகவே வளர்ந்துகொண்டிருக்கும். அந்த நிறமும் பூவின் நிறமில்லை. மூன்று பூவடிச்செதில்கள் சேர்ந்த கூடு அது, உண்மையான பூ நடுவில் வெள்ளையாக, மெல்லிய குழலாக இருக்கும். செதில்களின் நிறமும் மாந்தளிரின் நிறமியால் வருவதில்லை, பீட்ரூட்டைச் சிவக்கவைக்கும் பீட்டாலைன் குடும்பத்து நிறமியால் வருவது. மூன்று வாரம், போனால் ஒரு மாதம், நீங்கள் பொறுத்திருந்தால் கேட்ட நிறம் உங்கள் வாசலிலேயே வந்திருக்கும்.

அபேலியா என்ற புதரும் இப்படித்தான். மிதமான குளிரில் இலையைச் செப்புநிறமாக்கிக்கொண்டு தாங்கும், கடுங்குளிரில் பாதியைக் கொட்டும், வெள்ளைப்பூ உதிர்ந்தபின்னும் பூவின் அடியில் இருக்கும் சிவந்த புல்லிவட்டத்தை வாரக்கணக்கில் வைத்திருக்கும். நந்தினா என்ற புதர் குளிரில் சிவக்கும். வெப்பமான இடமென்றால் அகாலிபா செப்புநிறத்துக்கு, முசாண்டா வெள்ளையும் இளஞ்சிவப்பும் விரித்த புல்லிகளுக்கு என்று வையுங்கள். உங்கள் முப்பதடிக்கு இவ்வளவு போதும். அதிலும் பாதி இடம் நந்தியாவட்டை போன்ற வெறும் பச்சைக்கு விடுங்கள். எல்லாம் நிறமாக இருந்தால் கண் எதிலும் தங்காது. தொட்டியில் இருக்கும் அளவைப் பார்த்து நெருக்கி வைக்காதீர்கள், முழுதாக வளர்ந்தால் எவ்வளவு விரியும் என்று கேட்டு அந்த இடைவெளியில் நடுங்கள். உன்னிச்செடி மட்டும் வேண்டாம். பறவைகள் அதன் பழத்தைத் தின்று விதையை எங்கெங்கோ போடும், போட்ட இடத்தையெல்லாம் அது பிடித்துக்கொள்ளும்.

இதை முதலிலேயே எழுதியிருக்கவேண்டும். மதிலோரம் போட்டு நான்கு நாள் என்றீர்கள். காகிதப்பூ கடினமான செடி. இந்தப் பதிலைப் படித்தவுடன் போய்ச் சுரண்டிப் பாருங்கள். அடித்தண்டில் பச்சை இருந்தால் வேரை ஒரு மணி நேரம் நீரில் வைத்து, கிளைகளைப் பாதியாகக் குறைத்து, நிழலில் நடுங்கள். வேர் முழுக்கக் காய்ந்துவிட்டது, தண்டில் மட்டும் பச்சை தெரிகிறது என்றால், பென்சில் கனத்தில் ஒரு சாண் நீளத் துண்டுகளாக ஏழெட்டு வெட்டி, மணல் கலந்த மண்ணில் மூன்றில் ஒரு பங்கு புதையும்படி ஊன்றி, ஈரம் காயாமல், நீரும் தேங்காமல் பார்த்துக்கொள்ளுங்கள். துண்டின் அடி எது, நுனி எது என்று பிறகு தெரியாது. வெட்டும்போதே அடியைச் சாய்வாகவும் நுனியை நேராகவும் வெட்டிவிடுங்கள். சாய்வான பக்கம் மண்ணுக்குள்.

அன்புடன்.