டர்போ மேனிஃபோல்டு செய்யப்போகிறேன் என்கிறான் என் மகன்

அம்மா, வணக்கம்.

உங்கள் கடிதத்தை இரண்டு முறை படித்தேன். வீட்டில் இரண்டு லாரி ஓடுகிறது. மகன் கணக்குப் பாடம் எடுத்துப் பிளஸ் டூ முடித்திருக்கிறான், மதிப்பெண் சுமார். கல்லூரி விண்ணப்பத்தைத் தொடமாட்டேன் என்கிறான். அமெரிக்காக்காரர்கள் டீசல் வண்டிக்கு டர்போ மேனிஃபோல்டு செய்யும் வீடியோக்களை ராத்திரி ஒரு மணி வரை பார்த்துக்கொண்டிருக்கிறான். ‘இதெல்லாம் ஒரு வேலையா சார்?’ என்று கேட்டிருக்கிறீர்கள்.

அதை மட்டுமே செய்து பிழைப்பேன் என்றால் நம் ஊரில் கஷ்டம். அதைச் செய்யத் தெரிந்த கைக்கு வேலை நிறையவே இருக்கிறது.

எஞ்சினின் ஆறு சிலிண்டரிலிருந்தும் வெளியேறும் சூடான புகையை ஒன்றுசேர்த்து, அந்தப் புகையின் வேகத்தில் சுழன்று எஞ்சினுக்குக் கூடுதல் காற்றை அழுத்தும் டர்போவுக்குள் தள்ளுவதுதான் எக்ஸாஸ்ட் மேனிஃபோல்டு. கம்பெனியிலிருந்து வருவது வார்ப்பிரும்பு. தம்பி பார்க்கும் வீடியோக்களில் அநேகமாக டாட்ஜ் பிக்கப்பில் 1989 மாடல் முதல் வந்த 5.9 லிட்டர் கம்மின்ஸ் எஞ்சின் இருக்கும். அதே குடும்பத்து எஞ்சின்கள்தான் ஜாம்ஷெட்பூரில் தயாராகி டாடா லாரிகளில் ஓடின. அதனால் அவன் ஆசைக்கு வெளிநாட்டு மோகம் என்று பேர் வைக்காதீர்கள். மேனிஃபோல்டை எஞ்சினோடு பிடித்திருக்கும் ஓரத்து ஸ்டட் (தலையில்லாத போல்ட்) ஒடிந்து, புகை கசிந்து, வண்டி பட்டறையில் நின்ற கதை ஏதாவது உண்டா என்று உங்கள் வீட்டுக்காரரைக் கேட்டுப் பாருங்கள். லாரி வைத்திருப்பவர்களிடம் பெரும்பாலும் இருக்கும்.

சில வருடங்களுக்கு முன் திருச்செங்கோட்டில் போர்வெல் போடும் ரிக் வண்டிகளுக்கு வேலை பார்க்கும் ஒரு பட்டறையில் அரைநாள் உட்கார்ந்திருந்தேன். கம்ப்ரசர் எஞ்சின் ஒன்றின் மேனிஃபோல்டு விரிசல் விட்டுப்போய், பழையது கிடைக்காமல், புதிதாகவே செய்துகொண்டிருந்தார்கள். 12 மி.மீ. தகட்டில் ஃபிளாஞ்ச், அதாவது எஞ்சினோடு பொருந்தும் பட்டை, வெட்டி, அதை எஞ்சினின் மேல்பாகமான சிலிண்டர் ஹெட்டில், காயலான் கடையில் வாங்கியது ஒன்றில், போல்ட் போட்டு முறுக்கி வைத்துவிட்டார் மேஸ்திரி. சும்மா வைத்து வெல்டிங் அடித்தால் சூட்டில் வாழைப்பழம் மாதிரி வளைந்துவிடும். குழாய்களை அங்கங்கே புள்ளி வைத்து நிறுத்தி, இந்த முனையில் கொஞ்சம், அந்த முனையில் கொஞ்சம் என்று டிக் வெல்டிங் (ஆர்கான் வாயுவின் பாதுகாப்பில் செய்யும் நுணுக்கமான வெல்டிங்) அடித்தார். முழுக்க ஆறும்வரை போல்ட்டைத் தொடவில்லை. அப்புறம் மில்லிங் மெஷினில் முகத்தைச் சமமாக்கிவிட்டு, ரம்பத்தை எடுத்து, புகை வரும் ஓட்டைக்கும் ஓட்டைக்கும் நடுவே ஃபிளாஞ்சை அறுக்க ஆரம்பித்தார். எனக்குப் பகீர் என்றது. ஏன் அண்ணே என்றேன். “சூடானா நீளணும்ல சார்?” என்றார்.

அவ்வளவுதான் சொன்னார். வீட்டுக்கு வந்து கணக்குப் போட்டுப் பார்த்தேன். 600 மி.மீ. நீளமுள்ள ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் 600 டிகிரி கூடுதலாகச் சூடானால் 6 மி.மீ.க்கு மேல் நீளும். சாதா இரும்பு என்றால் சுமார் 5. அதைப் பிடித்திருக்கும் ஹெட்டோ தண்ணீர் ஓடி 100 டிகிரிக்குப் பக்கத்திலேயே நிற்கிறது, அவ்வளவு நீளாது. இழுபறியில் ஒடிவது ஓரத்து ஸ்டட். அந்த மேஸ்திரி எட்டாவதோடு நின்றவர். இந்தக் கணக்கு அவர் கையில் இருந்தது. தம்பிக்குப் பிளஸ் டூ கணக்கும் இருக்கிறது, கையும் வந்துவிட்டால் யோசித்துப் பாருங்கள்.

சட்டத்தையும் சொல்லிவிட வேண்டும். ரோட்டில் ஓடும் லாரிக்கு டர்போவை மாற்றிப் பவர் ஏற்றித் தருகிறேன் என்று கடை போட முடியாது. பதிவுச் சான்றில் உள்ள விவரங்கள் தயாரிப்பாளர் குறிப்பிட்டதிலிருந்து மாறும்படி வண்டியை மாற்ற மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-வது பிரிவு அனுமதிப்பதில்லை. 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் அதையே சொன்னது. 2020 ஏப்ரலுக்குப் பிறகு வந்த பிஎஸ் 6 (புகை மாசு விதி) வண்டிகளில் புகையைச் சுத்தம் செய்யும் அமைப்பும் சென்சார்களும் சேர்ந்துவிட்டதால் மேனிஃபோல்டை மட்டும் தனியாகக் கைவைக்கவும் முடியாது. ரேஸ் வண்டி, சோதனைக் கூடம், பழுதுபார்ப்பு என்று ஒரு சின்ன வட்டம்தான் மிஞ்சும். அதில் சம்பாதிப்பவர்கள் உண்டு, ஆனால் பதினெட்டு வயதில் அதை நம்பி இறங்கச் சொல்லமாட்டேன்.

நான் சொல்லும் வழி இது. அரசு ஐடிஐயில் வெல்டர் பிரிவு ஒரே வருடம், எட்டாவது படித்திருந்தாலே போதும். பிளஸ் டூ முடித்தவன் அங்கே போவதா என்று சொந்தக்காரர்கள் கேட்பார்கள், கேட்கட்டும். அந்த ஒரு வருடத்தில் அவனுக்கு உண்மையிலேயே இதில் பிடிப்பு இருக்கிறதா, வீடியோ பிடிப்பா என்று தெரிந்துவிடும். தொடர்ந்து வந்தால், கணக்கு எடுத்த பிளஸ் டூவை வைத்தே பாலிடெக்னிக்கில் மெக்கானிக்கல் டிப்ளமோ இரண்டாம் ஆண்டில் நேராகச் சேரலாம். வெல்டிங்கிலேயே மேலே போக நினைத்தால் திருச்சி பெல் (பிஎச்இஎல்) ஆலை வளாகத்தில் 1975-இல் தொடங்கிய வெல்டிங் ஆராய்ச்சி நிலையம் இருக்கிறது. 45 டிகிரி சாய்ந்து அசையாமல் நிற்கும் குழாயைச் சுற்றி வெல்டிங் அடிக்கும் 6ஜி தேர்வில் தேறியவனை பாய்லர் வேலைக்கும் ரிஃபைனரிக்கும் தேடித்தான் எடுப்பார்கள். மேனிஃபோல்டில் வளைந்து நெளிந்து போகும் குழாயை ஒட்டப் பழகிய கைக்கு அது அந்நியமாக இருக்காது.

ஒரு பையனுக்கு நான் தப்பு செய்திருக்கிறேன். இவனைப் போலவேதான், பட்டறை பைத்தியம். முதலில் டிகிரி வாங்கட்டும் என்று கடன் போட்டு ஒரு தனியார் கல்லூரியில் சேர்க்கச் சொன்னேன். நான்கு வருடத்தில் அவன் வெல்டிங் மெஷினைத் தொட்டது மூன்றே முறை. அதனால்தான் உங்களிடம் அவசரப்படாமல் பேசுகிறேன்.

உங்கள் பயமும் நியாயமானதுதான். கவசக் கண்ணாடி இல்லாமல் பழகி, ராத்திரியில் கண்ணில் மணலைக் கொட்டின மாதிரி எரிந்து, உருளைக்கிழங்கை வெட்டி வைத்துக்கொண்டு படுக்கும் பையன்கள் இன்றும் இருக்கிறார்கள். ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் புகை நுரையீரலுக்கு ஆகாது. துத்தநாகப் பூச்சு போட்ட ஜிஐ குழாயில் வெல்டிங் அடித்தால் காய்ச்சலே வரும். விடுமுறைக்கு எந்தப் பட்டறைக்கு அனுப்பினாலும் நீங்களே ஒரு நடை போய்ப் பாருங்கள். ஹெல்மெட் எத்தனை இருக்கிறது, புகை வெளியே போக ஃபேன் இருக்கிறதா என்று பார்த்தால் போதும்.

சரி, அடுத்த மாதம் அவனைக் கூட்டி வாருங்கள். அதற்குள் தெரிந்த பட்டறையில் யாராவது பக்கத்தில் நிற்க, ஒரு ஸ்டெயின்லெஸ் எல்போவையும் (வளைந்த குழாய்த் துண்டு) ஒரு சாண் குழாயையும் டிக்கில் ஒட்டிப் பார்க்கட்டும். வெளியே வானவில் மாதிரி நிறம் வந்திருக்கும், அதைக் காட்டிப் பெருமைப்படுவான். குழாய்க்கு உள்ளே காற்று படாமலிருக்க ஆர்கான் வாயு விடாமல் அடித்திருந்தால் மறுபக்கம் கருத்து, கருகின சர்க்கரை மாதிரி பொரிந்திருக்கும். ஒட்டின இடத்தை நடுவில் அறுத்து எடுத்துவரச் சொல்லுங்கள்.