ரோக்சோலானிக் கவசம்: முதலில் ஆண்டை முடிவு செய்யுங்கள்

கேள்வி: கல்லூரிக் கண்காட்சிக்கு ரோக்சோலானி குதிரை வீரனின் செதில் கவசம் செய்கிறோம். இரும்பு, தோல், குதிரைக் குளம்பு என்று ஆளுக்கொன்று சொல்கிறார்கள். எதில் செய்வது?

பதில்: கருங்கடலுக்கு வடக்கே டான், நீப்பர் ஆறுகளுக்கு இடையே மேய்ச்சலோடு திரிந்த ரோக்சோலானிகள், ஈரானிய மொழி பேசிய சர்மாத்தியர் என்ற நாடோடி மக்களில் ஒரு கிளை. மூன்று தகவலும் உள்ளவைதான், காலம்தான் வேறு. கி.மு. 110 வாக்கில் பொன்டஸ் அரசரின் தளபதி டியோபான்டஸின் சுமார் 6,000 வீரர்களிடம் தோற்றவர்கள் பதனிடாத மாட்டுத்தோல் கவசமும் பின்னல் கேடயமும் வைத்திருந்தார்கள் என்கிறார் கிரேக்கப் புவியியலாளர் ஸ்ட்ராபோ. கி.பி. 69இல் டான்யூப் கரையிலிருந்த ரோமானிய மாகாணமான மீசியாவுக்குள் புகுந்த 9,000 பேரைப் பற்றி ரோமானிய வரலாற்றாசிரியர் டாசிட்டஸ் சொல்வது இரும்புத் தகடு அல்லது மிகக் கடினமான தோல். அதுவும் தலைவர்களுக்கும் பிரபுக்களுக்கும்தான். கேடயம் அவர்கள் வழக்கமில்லை. குளம்புச் செதிலை ஏதென்ஸ் கோயிலில் கண்டு எழுதிய கிரேக்கப் பயணி பாசேனியஸ் கி.பி. 2ஆம் நூற்றாண்டுக்காரர், பேசுவதும் பொதுவாகச் சர்மாத்தியரைப் பற்றி.

கி.பி. 69ஐயும் தோலையும் எடுத்துக்கொள்ளுங்கள். கையில் கேடயம் கொடுக்காதீர்கள். நீண்ட ஈட்டியும் நீண்ட வாளும் போதும்.

பதனிடாத தோலை ஓரிரவு குளிர்ந்த நீரில் ஊறவையுங்கள். வெந்நீர் கூடாது, தோல் சுருண்டு நொறுங்கும். ஈரமாக இருக்கும்போதே 4 செ.மீ. அகலம், 6 செ.மீ. உயரத்துக்குச் சற்றுக் கூடுதலாக வெட்டுங்கள், காயும்போது சுருங்கும். மேல் விளிம்பில் மட்டும் இரண்டு துளைகள். பிறகு பலகைகளுக்கு நடுவில் அழுத்தி நிழலில் காயவிடுங்கள். வெயிலில் போட்டால் அப்பளம்போல் வளையும்.

மெல்லிய தோல் உள்சட்டையில், மெழுகு தேய்த்த தடித்த நூலால் கீழ் வரிசையிலிருந்து மேலே தைத்து வாருங்கள். பக்கவாட்டில் 1 செ.மீ., மேல்கீழாகப் பாதி மறையட்டும். அப்போதுதான் மேல் வரிசை கீழ் வரிசையின் தையலை மூடும். மேலிருந்து தொடங்கினால் துளைகள் எல்லாம் வெளியே தெரியும். 100 செ.மீ. மார்பு, 60 செ.மீ. நீளத்துக்கு வரிசைக்கு 34 வீதம் 20 வரிசை, அதாவது 680 செதில். உடைவதற்கென்று நூறு கூடுதலாக வெட்டிவையுங்கள். நூலை இறுக்கினால் உடம்பு குனியாது. தைத்து முடித்ததும் தேன்மெழுகு பூசிவிடுங்கள். ஈரம் பட்டால் இந்தத் தோல் மறுபடி கொழகொழத்துவிடும்.

ரோமில் உள்ள டிராஜன் தூணின் போர்ச் சிற்பங்களைப் பார்த்துக் குதிரையின் கால்வரை செதில் ஒட்ட வேண்டாம். அது சிற்பியின் கற்பனை. அப்படிப் போர்த்திய குதிரையால் முழங்காலை மடக்கவே முடியாது.